தொடை எங்கே தொடங்குகிறது? மனிதர் முதல் வெட்டுக்கிளி வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு அருகே மாலை நேர உயிரியல் வகுப்பு நடத்தி வருகிறேன். கால்களைப் பற்றிய பாடம் வரும் ஒவ்வோர் ஆண்டும் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப எழுகின்றன. மாணவர்கள் மட்டுமல்லாமல், இருட்டிய பின் பிள்ளைகளை அழைத்துச் செல்ல வரும் பெற்றோரும் வாசலில் நின்று கேட்பதுண்டு. கேட்டவர்களின் சொற்களை இயன்றவரை அப்படியே வைத்துக்கொண்டு பதில்களை எழுதியிருக்கிறேன். பாடநூலில் ‘என்பு’ எனப்படுவதும் வீட்டில் ‘எலும்பு’ எனப்படுவதும் ஒன்றே; இங்கே இரண்டும் வரும்.

சேர், தொடை என்றால் இடுப்பிலிருந்து முழங்கால் வரைதானே, இதில் கேட்க என்ன இருக்கிறது?

மனிதரைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் மேல் எல்லையைக் காட்டச் சொன்னால் பெரும்பாலோர் தவறான இடத்தையே தொடுகிறார்கள். நேராக நின்று இடுப்புக்குச் சற்றுக் கீழே, பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் ஒரு கடினமான புடைப்பு தட்டுப்படும். அதை இடுப்பு எலும்பு என்றே பலரும் நினைக்கிறார்கள். கையை எடுக்காமல் பாதத்தை உள்ளும் புறமுமாகத் திருப்பிப் பாருங்கள். அந்தப் புடைப்பும் சேர்ந்து நகரும். அது தொடையென்பின் மேல் முனையிலுள்ள பெருந் துரோகாந்தர் என்னும் மேடு.

ஆகவே தோலின் மடிப்புகளை நம்பாமல் இப்படி வரையறுப்பது நல்லது: இடுப்பு வளையத்துடன் மூட்டுக்கொள்ளும் முதல் என்பு எங்கே இருக்கிறதோ அதுவே தொடை. மாட்டுக்கும் கோழிக்கும் வரும்போது இந்த வரையறைதான் நம்மைக் காப்பாற்றும்.

தொடையில் ஒரே ஓர் எலும்புதானா? கணைக்காலில் இரண்டு இருக்கிறதே?

ஒன்றே ஒன்றுதான். உடலிலேயே மிக நீளமானதும் மிக வலிமையானதும் அதுவே. ஒருவரின் உயரத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அதன் நீளம். மேல் முனையில் பந்து போன்ற தலை இடுப்பென்பின் குழிக்குள் பொருந்திப் பந்துக்கிண்ண மூட்டை அமைக்கிறது. தலையைத் தண்டுடன் இணைப்பது குறுகிய கழுத்து. வளர்ந்தவர்களில் கழுத்தும் தண்டும் சுமார் 125 பாகைக் கோணத்தில் சந்திக்கின்றன. அந்தச் சாய்வினால் தண்டு இடுப்பிலிருந்து விலகி நிற்பதால், கால்கள் தாராளமாக வீச இடம் கிடைக்கிறது. கீழ் முனையில் இரண்டு உருண்ட முண்டுகள் கணைக்காலுள்ளென்பின் மேல் அமர்ந்து முழங்கால் மூட்டை உண்டாக்குகின்றன.

தண்டின் பின்புறத்தில் நீளவாக்கில் ஒரு சொரசொரப்பான வரம்பு ஓடுகிறது. தொடையின் பல தசைகள் அதைப் பற்றிக்கொண்டிருக்கின்றன. என்புக்கூட்டு மாதிரியைக் கையில் எடுக்கும் மாணவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. வழுவழுப்பான தலையைத்தான் தடவிப் பார்க்கிறார்கள்.

சிவனொளிபாத மலைக்கு ஏறும்போது மூச்சுத்தான் வாங்கியது. இறங்கிய மறுநாள் தொடையைத் தொட முடியவில்லை. ஏறுவதுதானே கஷ்டம், இறங்குவதில் என்ன இருக்கிறது?

பருவகாலத்தில் நான் அதிகமாகக் கேட்கும் கேள்வி இதுவே. இதற்குப் பதில் சொன்னால் தொடைத் தசைகளின் பாதிப் பாடம் முடிந்துவிடும். தொடையின் முன்புறத்தில் நான்கு தலைகளைக் கொண்ட நாற்றலைத் தசை இருக்கிறது. அதன் நான்கு பகுதிகளும் கீழே ஒரே தசைநாணாகச் சேர்ந்து, முழங்காற்சில்லைத் தம்முள் பொதிந்துகொண்டு, கணைக்காலுள்ளென்பில் பற்றுகின்றன. முழங்காலை நீட்டுவது இதன் வேலை. நான்கில் நேர்த்தசை எனப்படும் ஒன்று மட்டும் இடுப்பு மூட்டையும் கடந்து மேலே செல்வதால், தொடையை உயர்த்தவும் உதவுகிறது. பின்புறத்தில் மூன்று தசைகள் முழங்காலை மடக்குகின்றன. உட்புறத் தசைகள் தொடையை நடுக்கோட்டை நோக்கி இழுக்கின்றன. படியேறும்போது நாற்றலைத் தசையும் பிட்டத்தின் பெருந்தசையும் சுருங்கி, குறுகி, உடலை மேலே தூக்குகின்றன. அதற்குச் சக்தி மிகுதியாக வேண்டியிருப்பதால் இதயமும் நுரையீரலும் திணறுகின்றன.

2,243 மீற்றர் உயரத்திலிருந்து ஆயிரக்கணக்கான படிகளில் இறங்கும்போது நடப்பது வேறு. ஒவ்வொரு படியிலும் முழங்கால் மடிய முயல்கிறது. உடல் சரிந்து விழாதபடி நாற்றலைத் தசை அதைத் தடுத்துப் பிடிக்கிறது. அதாவது தசை சுருங்க முயன்றுகொண்டிருக்கும்போதே வலிந்து நீட்டப்படுகிறது. இவ்வாறு தடுப்புக்கட்டையாகப் பயன்படும் தசையில் ஒட்சிசன் செலவு குறைவு, ஆகவே மூச்சு வாங்குவதில்லை. ஆனால் நார்களின் மீது ஏற்படும் இழுவிசை அதிகம், ஆகவே அவற்றில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. வலி 24 மணித்தியாலம் முதல் 72 மணித்தியாலம் வரையான காலத்தில் உச்சத்தை அடைவது இதனாலேயே. ‘இலக்ரிக் அமிலம் தேங்கிவிட்டது’ என்று சொல்வது வழக்கம். அந்த அமிலம் மலையடிவாரத்தில் தேநீர் குடித்து முடிப்பதற்குள் பெரும்பாலும் இரத்தத்திலிருந்து அகன்றிருக்கும்.

தேயிலைக் கொழுந்துப் பையைச் சுமந்து மலையிலிருந்து, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு நாள்தோறும் இறங்கும் பெண்களுக்கு இந்த வலி வருவதில்லையே என்று ஒரு மாணவி கேட்டாள். இறக்கத்துக்குப் பழகிய தசை அடுத்த முறை அதே அளவு சிதைவதில்லை. ஒரு தடவை இறங்கினால்கூட அந்தப் பாதுகாப்பு சில வாரங்களுக்கு நீடிக்கும். முழங்கால் குருத்தெலும்பின் தேய்மானம் வேறு கதை. அதற்கு இந்தப் பழக்கம் மருந்தாகாது.

எங்கள் பாட்டி லயத்து வாசலில் வழுக்கி விழுந்தார். ‘இடுப்பு உடைந்துவிட்டது’ என்றார்கள். எக்ஸ்ரேயில் தொடை எலும்புதான் முறிந்திருக்கிறது என்கிறார் டொக்டர். எது சரி?

இரண்டும் ஒன்றையே குறிக்கின்றன. முதியவர்களில் ‘இடுப்பு முறிவு’ என்று சொல்லப்படுவது பெரும்பாலும் தொடையென்பின் கழுத்திலோ, அதன் கீழுள்ள பெரிய, சிறிய துரோகாந்தர் மேடுகளுக்கு இடையிலோ ஏற்படும் முறிவாகும். மேலே சொன்ன 125 பாகைச் சாய்வின் விலை இதுதான்: உடலின் பாரம் நேராகத் தண்டில் இறங்காமல், பக்கவாட்டில் நீண்டிருக்கும் கழுத்தை வளைக்கப் பார்க்கிறது. என்பு அடர்த்தி குறைந்த வயதில் ஒரு சாதாரண விழுகையே அதற்குப் போதும். முறிந்த கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்புறம் திரும்பிக் கிடப்பது பலரில் காணப்படும் அடையாளம். அவரை நிற்க வைத்துப் பார்க்காமல், படுத்த நிலையிலேயே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

கழுத்து முறிவை மருத்துவர்கள் அஞ்சுவதற்குக் காரணம் இரத்த ஓட்டம். தொடையென்பின் தலைக்கான இரத்தம் பெரும்பாலும் கழுத்தின் மேற்பரப்பை ஒட்டி ஏறும் சிறு நாடிகள் வழியாகவே வருகிறது. கழுத்து முறிந்து விலகினால் அவையும் அறுபடக்கூடும். அப்போது தலை உயிரற்றுப் போகும். அதனால்தான் சிலருக்கு ஆணி வைத்துப் பொருத்துவதற்குப் பதிலாகத் தலையையே அகற்றிச் செயற்கைத் தலை வைக்கிறார்கள். துரோகாந்தர்களுக்கு இடையில் முறிந்தால் இந்தச் சிக்கல் குறைவு.

கைக்குழந்தைக்குக் கிளினிக்கில் ஊசியை ஏன் தொடையில் போடுகிறார்கள்? பெரியவர்களுக்குக் கையில்தானே போடுகிறார்கள்?

இரண்டு, நான்கு, ஆறாம் மாதங்களில் போடப்படும் ஐங்கூட்டுத் தடுப்பூசி தசைக்குள் செல்ல வேண்டியது. கைக்குழந்தையின் தோள் தசை மிகச் சிறியது. தொடையின் முன்வெளிப்புறத்திலுள்ள தசை, அதாவது நாற்றலைத் தசையின் வெளிப்பகுதி, அந்த வயதிலேயே போதிய தடிப்புடன் இருக்கும். பெரிய நரம்போ குருதிக்குழாயோ அவ்விடத்தில் குறுக்கே வருவதில்லை. பிட்டத்தைத் தவிர்ப்பதற்குக் காரணம், உடலின் மிகத் தடித்த நரம்பான இடுப்புநரம்பு அவ்வழியாகவே தொடையின் பின்புறத்துக்கு இறங்குகிறது. பிறந்தவுடன் மேற்கையில் போடப்படும் பீ.சீ.ஜீ. என்ற காசநோய்த் தடுப்பூசி தசைக்குள் செல்வதில்லை, தோலுக்குள் நிற்பது. ஆகவே அதற்கு இந்த விதி இல்லை.

மாட்டுக்கும் நாய்க்கும் பின்னங்காலில் முழங்கால் பின்பக்கமாக மடிகிறது. நமக்கு மட்டும் ஏன் முன்பக்கம்?

பின்பக்கமாக மடிவதுபோல் தெரிவது முழங்கால் அன்று, அது கணுக்கால். மாட்டின் உண்மையான முழங்கால் வயிற்றுக்கு அருகே, விலாவின் கீழ் மடிப்போடு சேர்ந்து இருக்கிறது. அது நம் முழங்காலைப் போல முன்னோக்கியே நிற்கிறது. தொடையென்பு குறுகித் தடித்து, உடற்சுவரோடு ஒட்டித் தசைக்குள் புதைந்திருப்பதால் ‘தொடை’ தனியாகத் தெரிவதில்லை. நீளமெல்லாம் கீழே போய்விட்டது: நாய் விரல்களின் மீதும், மாடு இரண்டு விரல்களின் நுனியிலும், குதிரை ஒரே விரலின் நுனியிலும் நடக்கின்றன. ஹோர்ட்டன் சமவெளியில் மரை நிற்கும்போது இதை நிதானமாகப் பார்க்கலாம். பிட்டத்துக்குக் கீழே முதலில் முன்னோக்கி ஒரு முனை, அதற்கும் கீழே பின்னோக்கி ஒரு முனை. முதலாவது முழங்கால், இரண்டாவது கணுக்கால். பாரமான தசைகளை உடலோடு வைத்துக்கொண்டு கீழ்க்காலை மெல்லியதாக்கினால், காலை வேகமாக வீசச் சக்தி குறைவாகத் தேவைப்படும்.

நுவரெலியாவில் கிரகரி வாவிக்கரையில் சவாரிக்கு நிற்கும் குதிரைகளைக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும். ஒரு பின்னங்காலைத் தளர்த்தி, குளம்பின் நுனியை மட்டும் தரையில் ஊன்றி அவை தூங்கி வழியும். குதிரையின் தொடையென்பின் கீழ் முனையில் உட்புற மேடு பெரிதாக இருக்கிறது. முழங்காற்சில்லை அதன்மேல் கொளுவிவிட்டால் முழங்கால் பூட்டிக்கொள்ளும். தசைகளுக்கு அதிக வேலை கொடுக்காமலே ஒரு காலில் பாரத்தைத் தாங்க முடிகிறது. மனிதத் தொடையில் இந்தக் கொக்கி இல்லை.

கடையில் கோழிக்கால் வாங்கினால் மேல் துண்டு தொடை, கீழ்த் துண்டு என்ன? அதில் ஊசிபோல ஓர் எலும்பு குத்துகிறதே?

மேல் துண்டில் இருப்பது தொடையென்பு. கீழ்த் துண்டு கணைக்கால். கணைக்காலுள்ளென்பும் சில கணுக்கால் என்புகளும் ஒன்றாகிய நீண்ட என்பு அதில் இருக்கிறது. வாயில் குத்தும் ஊசி, தேய்ந்து குறுகிய கணைக்கால்வெளியென்பு. செதில் மூடிய மஞ்சள் பகுதி பாதத்தைச் சேர்ந்தது. ஆகவே உயிருள்ள கோழியில் பின்னோக்கி மடிவதாகத் தெரிவதும், முந்திய பதிலில் சொன்னபடி, கணுக்காலே. தொடை இறகுகளுக்குள் மறைந்து, ஏறக்குறைய கிடையாக முன்னோக்கி நிற்கிறது. வால் என்பு குறுகிப்போன பறவையின் பாரம் முன்புறம் விழுவதால், பாதத்தைப் பாரத்துக்கு நேர் கீழே கொண்டுவர இந்தக் கிடைத் தொடை உதவுகிறது.

காலிறைச்சி கருஞ்சிவப்பாக இருப்பது இரத்தம் தேங்கியதால் என்பது தவறு. நாள் முழுவதும் கிளறித் திரியும் கால் தசைகளில் ஒட்சிசனைச் சேமிக்கும் மயோகுளோபின் மிகுதி. எப்போதாவது படபடக்கும் நெஞ்சுத் தசையில் குறைவு.

பெரஹராவில் யானையைப் பார்த்தேன். அதற்கு மட்டும் முழங்கால் கீழே இருக்கிறதே?

மாட்டுக்கும் நாய்க்கும் சொன்ன விதிக்கு யானை விலக்கு. அதன் தொடையென்பு நீண்டது, பெரிய யானையில் சுமார் ஒரு மீற்றர் வரும். அது தூண்போல நேராக நிற்கிறது. முழங்காலும் வயிற்றைவிட்டு விலகிக் கீழே இறங்கியிருப்பதால், மண்டியிடும்போது மனிதரைப் போலவே தெரிகிறது. பாரம் தூணின் வழியே நேராக இறங்க வேண்டும் என்பதே காரணம். விலங்கு பெரிதாகும்போது எடை கன அளவில் கூடுகிறது. என்பின் வலிமையோ அதன் குறுக்குவெட்டுப் பரப்பின் அளவிலேயே கூடுகிறது. பெரிய விலங்கின் என்பு விகிதத்தை மீறித் தடிக்க வேண்டும் என்று கலிலியோ 1638 இல் எழுதினார்.

பல்லிக்கும் பாம்புக்கும்கூடத் தொடை உண்டா?

பல்லியின் தொடை பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கிறது. சுவரில் ஒட்டியிருக்கும் ஆண் பல்லியின் தொடையடிகளை யன்னல் கண்ணாடிக்கு மறுபுறமிருந்து பாருங்கள். ஒரு தொடையிலிருந்து மறு தொடைக்கு வரிசையாகச் சிறு துளைகள் தெரியும். அவை வாசனைப் பொருளைச் சுரப்பவை. பாம்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் காலின் சுவடே இல்லை. மலைப்பாம்பு போன்ற சிலவற்றில் குதத்தின் இருபுறமும் ஒவ்வொரு சிறு நகம் நீட்டியிருக்கும். அதற்குள்ளே தொடையென்பின் எச்சம் இருக்கிறது. அட்டைக்கும் கால் உண்டா என்று அடுத்து ஒருவர் கேட்பது வழக்கம். கிடையாது, இரண்டு உறிஞ்சிகள் மட்டுமே.

பூச்சிக்கு எலும்பே இல்லை. பிறகு எப்படிப் புத்தகத்தில் ‘பீமர்’, அதாவது தொடையென்பு, என்று போட்டிருக்கிறார்கள்?

இந்தக் குழப்பத்துக்குப் பொறுப்பு பெயர் வைத்தவர்களே. பூச்சியின் கால் உடலிலிருந்து கொக்சா, துரோகாந்தர், பீமர் (தொடை), திபியா (கணைக்கால்), தாசஸ் (பாதம்) என்ற வரிசையில் துண்டுகளாகச் செல்கிறது, நுனியில் நகங்கள். முள்ளந்தண்டு விலங்குகளின் என்புப் பெயர்களைப் பழைய உடலமைப்பியலாளர்கள் அப்படியே எடுத்துப் பூச்சிக்கு ஒட்டினார்கள். நமக்குத் துரோகாந்தர் என்பது தொடையென்பின் மேலுள்ள மேடு. பூச்சிக்கு அது தனியான ஒரு துண்டு. நமது பீமர் தசைக்குள் இருக்கும் என்பு. பூச்சியின் பீமர் தசையைத் தனக்குள் வைத்திருக்கும், கைற்றின் என்ற கடினமான பொருளாலான குழாய். பூச்சியை உள்ளிருந்து திருப்பிப் போட்ட சட்டையாக நினைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்: வன்கூடு வெளியே, தசை உள்ளே.

பல பூச்சிகளில் காலின் மிகப் பருத்த துண்டு பீமர்தான், ஏனெனில் திபியாவை நீட்டும் தசையும் மடக்கும் தசையும் அதற்குள் இருக்கின்றன. கும்பிடுபூச்சியின் முன்னங்காலில் பீமரின் கீழ்விளிம்பில் முட்கள் வரிசையாக நிற்கும். திபியா பேனாக்கத்தி போல அதன்மேல் மடிந்து இரையைக் கவ்வும். இலைப்பூச்சியில் அதே பீமர் தட்டையாகி, கடித்த இலைத்துண்டு போலக் காட்சியளிக்கிறது.

வெட்டுக்கிளியின் பின்தொடையில் மீன்முள் மாதிரிக் கோடுகள் இருக்கின்றன. அது அலங்காரமா?

அலங்காரமன்று, உள்ளேயிருக்கும் தசையின் படம் அது. திபியாவை நீட்டும் தசையின் நார்கள் பீமரின் சுவரிலிருந்து நடுவிலுள்ள தசைநாணை நோக்கிச் சாய்வாகச் செல்கின்றன. அவை பற்றியிருக்கும் இடங்கள் வெளியே கோடுகளாகத் தெரிகின்றன. குறுகிய நார்களைச் சாய்வாக அடுக்கினால் அதே குழாய்க்குள் மிகுதியான நார்களைத் திணிக்கலாம். அதனால் நீட்டும் தூரம் குறைந்தாலும் விசை பெருகுகிறது.

ஆயினும் தசை எவ்வளவு வலிமையானாலும் ஒரு பாய்ச்சலுக்குத் தேவையான வேகத்தில் நேரடியாகச் சுருங்க அதனால் முடியாது. ஆகவே வெட்டுக்கிளி கவண் போடும் முறையைக் கையாள்கிறது. முதலில் திபியாவைப் பீமரோடு முழுமையாக மடித்துக்கொள்ளும். பிறகு நீட்டும் தசையும் மடக்கும் தசையும் ஒரே நேரத்தில் இறுகும். மடக்கும் தசை சிறியதே; ஆனால் முழுதும் மடிந்த நிலையில், பீமரின் உள்ளேயுள்ள ஒரு சிறு திண்டின் மேல் அதன் நாண் செல்வதால் நெம்புகோல் வசதி அதன் பக்கம் இருக்கிறது. இந்த இழுபறியில் ஏறக்குறைய அரை விநாடிக்கு முழங்காலருகே உள்ள பிறைவடிவத் தகடுகளும் தசைநாணும் வளைந்து சக்தியைச் சேமிக்கின்றன. மடக்கும் தசை சட்டென்று தளர்ந்தவுடன் அந்தச் சக்தி முழுவதும் வெளிப்பட்டு, கால் சில பத்து மில்லிவிநாடிகளில் நீள்கிறது. பாடத்தில் நான் மிக விரும்பும் பகுதி இது. பிள்ளைகள் வகுப்பு முடிந்து தேயிலைச் செடிகளுக்கு இடையே வெட்டுக்கிளியைத் தேடிப் போவதும் இந்த ஒரு நாளில் மட்டுமே.

அதே பின்னங்காலைப் பிடித்தால் கையோடு கழன்று வந்துவிட்டது. நான் உடைத்துவிட்டேனா?

நீங்கள் உடைக்கவில்லை, அது விட்டுவிட்டுப் போயிருக்கிறது. துரோகாந்தருக்கும் பீமருக்கும் இடையில் அதற்கென்றே ஒரு பலவீனமான கோடு இருக்கிறது. அவ்விடத்தில் கால் கழன்றால் உள்ளே ஒரு சவ்வு மூடிக்கொள்வதால் உடற்திரவம் அதிகம் வெளியேறுவதில்லை. குச்சிப்பூச்சியின் குஞ்சுக்கு அடுத்தடுத்த தோலுரிப்புகளில் கால் மீண்டும் வளரும். வெட்டுக்கிளிக்கு இழந்த பின்னங்கால் திரும்ப வருவதில்லை. ஆகவே பிடிக்கும்போது உடலோடு சேர்த்துப் பிடியுங்கள்.

செத்த சிலந்தி ஏன் காலை மடக்கிக்கொண்டு கிடக்கிறது?

முதலில், சிலந்தி பூச்சியன்று. எட்டுக் கால்களைக் கொண்டது, அதன் காலில் ஏழு துண்டுகள். பீமருக்கும் அடுத்த துண்டுக்கும் இடையிலுள்ள மூட்டில் மடக்கும் தசை உண்டு, நீட்டும் தசை கிடையாது. உடற்திரவத்தை அழுத்தத்துடன் காலுக்குள் செலுத்தியே அது காலை நீட்டுகிறது. இறந்தபின் அழுத்தம் போய்விடுகிறது. கால்கள் உட்புறமாகச் சுருண்டுவிடுகின்றன. வெட்டுக்கிளியின் பீமரை அறிந்தவருக்கு இது வியப்பளிக்கும்: அங்கே நீட்டும் தசைதான் எல்லாமும், இங்கே அது இல்லவே இல்லை.

பரீட்சையில் கேட்டால் எப்படி எழுதுவது? நம் பீமரும் பூச்சியின் பீமரும் அமைப்பொத்தவையா, தொழிலொத்தவையா?

தொழிலொத்தவை, அதாவது வேலையால் மட்டும் ஒத்தவை. மனிதன், மாடு, கோழி, தவளை ஆகியவற்றின் தொடையென்புகள் தமக்குள் அமைப்பொத்தவை, அதாவது ஒரே மூதாதையின் உறுப்பிலிருந்து வந்தவை. ஏறக்குறைய 38 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த யூஸ்தெனொப்டெரோன் போன்ற மீன்களின் இடுப்புத் துடுப்பிலேயே அந்த ஒற்றை மேலென்பும் அதன் கீழ் இரண்டு என்புகளும் இருந்தன. பூச்சியின் கால் அந்த வழியில் வந்ததன்று.

கெட்டிக்கார மாணவர்கள் இங்கே ஒரு மடக்குக் கேள்வி போடுவார்கள்: பழ ஈயின் கால் முளைக்கும்போது செயற்படும் ‘டிஸ்டல்-லெஸ்’ என்ற பரம்பரையலகின் உறவினர்கள் எலியின் கால் மொட்டிலும் செயற்படுகின்றனவே? உண்மைதான், 1990 களில் அது தெரியவந்தது. உடலிலிருந்து ஏதோவொன்றை வெளியே முளைக்கச் செய்யும் பழைய கட்டளை இரு வழிகளிலும் பொதுவாக இருக்கலாம். அந்தக் கட்டளையால் கட்டப்பட்ட உறுப்பு தனித்தனியே தோன்றியது. பரம்பரையலகு ஒன்றாக இருப்பதால் மட்டும் உறுப்பு அமைப்பொத்ததாகிவிடாது என்று எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று சேர்: வெட்டுக்கிளி மனிதன் அளவு இருந்தால் தேயிலைத் தொழிற்சாலையையே தாண்டிவிடுமா?

தாண்டாது. பாய்வதற்கான சக்தி தசையின் நிறையைப் பொறுத்தது. தூக்க வேண்டிய உடலின் நிறையும் அதே விகிதத்தில் கூடுகிறது. ஆகவே ஒரே வகை உடலமைப்பைப் பெரிதாக்கினால் பாயும் உயரம் ஏறக்குறைய மாறாமலே இருக்கும். பாலைவன வெட்டுக்கிளி ஏறத்தாழ ஒரு மீற்றர் தூரம் பாய்கிறது. பயிற்சியுள்ள மனிதர் நின்ற இடத்திலிருந்து தம் உடலின் நடுப்புள்ளியை அரை மீற்றர் வரை உயர்த்துகிறார். ‘தன் நீளத்தைப் போல இத்தனை மடங்கு’ என்று கணக்கிடும்போதுதான் பூச்சி அதிசயமாகத் தெரிகிறது.

அதோடு, யானையைப் பற்றிய பதிலில் சொன்ன கணக்கு இங்கும் வரும். மனித அளவு வெட்டுக்கிளியின் பீமர் ஒரு வெற்றுக் குழாய். அதன் சுவர் விகிதத்தை மீறித் தடிக்காவிட்டால் முதல் பாய்ச்சலிலேயே நசுங்கும், தடித்தால் பாரம் ஏறிப் பாய முடியாது. தோலுரிக்கும் வேளையில் அந்தக் குழாய் மென்மையாக இருக்கும் சில மணித்தியாலங்களுக்கு அவ்வளவு பெரிய உடலை எது தாங்கும் என்பதையும் யோசித்துப் பாருங்கள். இன்று வாழும் மிகப் பாரமான வளர்ந்த பூச்சிகூட ஒரு பெரிய எலியின் எடையை எட்டுவதில்லை.